நுண் பிளாஸ்டிக் மாசு: தடுக்க வேண்டிய இடம்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை அறிவித்தது. அதே நாளில், விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் சரக்குக் கப்பல், கொச்சிக்கு ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் ஒருபுறமாகச் சாய்ந்தது. மறுநாள் அது மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அறுநூற்று நாற்பதுக்குக் குறையாத சரக்குப் பெட்டகங்கள் அதில் ஏற்றப்பட்டிருந்தன. எரிபொருள் தொட்டிகளில் 84 டன் டீசலும் 367 டன் உலை எண்ணெயும் இருந்தன. சில பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. நீர் பட்டால் எரிவாயுவை வெளிவிடும் பொருள் அது. ஆகவே முதல் சில நாட்களில் அதிகாரிகளும் பத்திரிகைகளும் கவலை கொண்டது எண்ணெயையும் கார்பைடையும் பற்றியே. அது இயல்பே.

ஆனால் கரைக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளில் மணல்மீது வெண்ணிறக் குருணைகள் படியத் தொடங்கின. உளுந்தின் அளவே உள்ள அம்மணிகள் ஒவ்வோர் அலையுடனும் வந்து குவிந்தன. சில நாட்களில் கன்னியாகுமரிக் கரையிலும், ஜூன் மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டக் கரையிலும், அதற்கப்பால் இலங்கையின் வடமேற்குக் கரையிலும் அவை காணப்பட்டன. பிளாஸ்டிக் பொருள்கள் வாளியாகவோ குழாயாகவோ பையாகவோ உருப்பெறுவதற்கு முன் மூலப்பொருள் இத்தகைய குருணை வடிவிலேயே ஆலைகளுக்கு அனுப்பப்படுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘நர்டில்’ என்று பெயர். வட இந்தியத் தொழிற்கூடங்களில் தானியம் என்னும் பொருள்பட இதனைத் ‘தானா’ என்பர். அச்சில் வார்த்தால் அரைவாளிக்கும் தேறாத ஒரு பிடி குருணை, கடற்கரையில் சிதறினால் ஒருவர் நாள் முழுவதும் குனிந்து பொறுக்கினாலும் தீராது.

அக்கரைகளில் நடந்த துப்புரவுப் பணியை நேரில் கண்டோர் இதனை நன்கு அறிவர். தன்னார்வலர்கள் சல்லடையும் வலைத்துணியும் கொண்டு மணலைச் சலித்தனர். மழைக்காலத்து ஈரமணல் சல்லடையில் இறங்காது. இறங்கும் மணலோடு சிறு குருணைகளும் இறங்கிவிடும். காலையில் தூய்மையாக்கிய இடத்தில் மாலை ஏற்றத்தின்போது புதிய குருணைகள் வந்து படியும். இயந்திரத்தைக் கொண்டு மணலை அள்ளினால், அம்மணலில் வாழும் நண்டும் சிப்பியும் புழுவும் சேர்ந்தே அள்ளப்படும். எனவே கையால் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. கேரள அரசு இவ்விபத்தை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன் பிடிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு இடைக்கால உதவியாக ரூ.1,000 ரொக்கமும் 6 கிலோ அரிசியும் அறிவிக்கப்பட்டன. ஆண்டுதோறும் வரும் இழுவலைத் தடைக்காலம் தொடங்க இரண்டு வாரமே இருந்த நேரம் அது. அத்தடைக்காலத்துக்கு முந்திய நாட்களின் வருவாயே பல வீடுகளில் ஆடி மாதம் வரை அடுப்பெரிக்கும் பணம். இருந்த மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர்.

இத்தகைய விபத்து இப்பகுதிக் கடலில் இது முதன்முறையன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ என்னும் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2-ஆம் நாள் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. ஒரே விபத்தில் இவ்வளவு குருணை கொட்டியது உலக வரலாற்றில் அதற்கு முன் பதிவானதில்லை. இருந்தும், இக்குருணை கப்பற் போக்குவரத்து விதிகளின்கீழ் ‘அபாயகரமான சரக்கு’ எனக் கருதப்படுவதில்லை. 2024-ஆம் ஆண்டில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, குருணையை உறுதியான உறைகளில் கட்ட வேண்டும், பெட்டகங்களின் மீது அது குறித்த தகவல் இருக்க வேண்டும், இயன்றவரை மேல்தளத்தில் அல்லாது கப்பலின் உட்பகுதியிலேயே அடுக்க வேண்டும் என்று பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரைதான், கட்டாயமன்று. கட்டாயமாக்கினால் சரக்குக் கட்டணம் உயரும் என்னும் வாதம் கூறப்படுகிறது. உயர்ந்தால் உயரட்டும் என்பதே அதற்குத் தக்க விடை. அச்செலவை இப்போது செலுத்துவோர் வேறு யாரோ அல்லர். கரையில் குனிந்து மணல் சலிப்போரும், மீன் விலைபோகாமல் வீடு திரும்பியோருமே.

பெயரும் அளவையும்

கடலில் பிளாஸ்டிக் துகள் இருப்பது புதிய செய்தியன்று. 1972-ஆம் ஆண்டிலேயே அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ பகுதியில் நீரின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துணுக்குகளும் குருணைகளும் மிதப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் பதிவு செய்தனர். ‘நுண் பிளாஸ்டிக்’ என்னும் பெயர் பரவலாக வழக்குக்கு வந்தது 2004-க்குப் பின்னரே. பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய சகாக்களும் அவ்வாண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்குக் காரணமாயிற்று. அதன்பின் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துகள்கள் அனைத்தையும் இப்பெயரால் அழைப்பது விஞ்ஞானிகளின் வழக்கமாயிற்று.

நம் நாட்டுச் சட்டத்தில் இச்சொல்லுக்கு இலக்கணம் கிடைத்தது 2024-இல். அவ்வாண்டு திருத்தப்பெற்ற பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், நீரில் கரையாததும் 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரை அளவுள்ளதுமான திடப் பிளாஸ்டிக் துகளே நுண் பிளாஸ்டிக் என வரையறுத்துள்ளன. ஆயிரம் மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர். மக்கும் பிளாஸ்டிக் என விற்கப்படுவது மெய்யாகவே மக்குகிறதா, அல்லது பொடியாகிக் கண்ணுக்கு மறைகிறதா என்பதைச் சோதிப்பதற்காகச் சேர்க்கப்பட்ட இலக்கணம் இது. அந்நோக்கத்துக்கு இது போதுமானதாகலாம். ஆனால் கேரளக் கரையில் ஒதுங்கிய குருணை 2 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ளது. நம் விதியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது நுண் பிளாஸ்டிக்கே அன்று! கப்பல் விதியில் அது அபாயகரமான சரக்கன்று. கழிவு விதியில் அது நுண் பிளாஸ்டிக்கும் அன்று. எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத பொருளுக்கு எந்த அலுவலகம் பொறுப்பேற்கும்?

கப்பல் விபத்து எல்லோர் கண்ணிலும் படுகிறது. எந்த விபத்துமின்றி நாள்தோறும் நிகழும் கசிவோ யார் கண்ணிலும் படுவதில்லை. மொத்த மாசில் பெரும்பங்கு அதனுடையதே. பிளாஸ்டிக் அழுகாது. மரத்தையும் இலையையும் மண்ணாக்கும் நுண்ணுயிர்களால் அதனை எளிதில் உணவாக்கிக் கொள்ள இயலாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு அது முதலில் வெளுக்கிறது. பின்னர் நொறுங்கும் தன்மை பெறுகிறது. காற்றிலும் அலையிலும் சக்கரத்தின் அடியிலும் உடைகிறது. உடைந்த துண்டு மீண்டும் உடைகிறது. ஒரு பை நூறு துண்டாகி, நூறு துண்டு கோடித் துகளாகியும், அதன் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக்கின் பரப்பு மட்டும் பன்மடங்கு பெருகுகிறது. இப்பரப்பில் நீரில் கலந்துள்ள வேறு நச்சுப் பொருள்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கடலில் மிதந்த குருணைகளைச் சோதித்த ஜப்பானிய விஞ்ஞானிகள், சுற்றியிருந்த நீரில் உள்ளதைப்போல் லட்சம் மடங்கு முதல் பத்து லட்சம் மடங்கு வரை செறிவான நச்சு வேதிப்பொருள்கள் அவற்றில் படிந்திருந்ததை 2001-இல் வெளியிட்டனர்.

1950-இல் உலகம் முழுவதும் ஓராண்டில் உற்பத்தியான பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். அன்று முதல் 2015 வரை மொத்தமாக உற்பத்தியானது 830 கோடி டன் என்றும், அதில் கழிவாகிவிட்ட 630 கோடி டன்னில் ஒன்பது சதவிகிதமே மறுசுழற்சிக்கு உள்ளாயிற்று என்றும் 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். பன்னிரண்டு சதவிகிதம் எரிக்கப்பட்டது. எஞ்சியது குப்பைமேடுகளிலும் வெளியிலும் கிடக்கிறது. இன்றைய பிளாஸ்டிக் கழிவு நாளைய நுண் பிளாஸ்டிக் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெண்கள் வெறும் எண்களாகத் தோன்றா.

இந்தியாவின் கணக்கு

இந்தியாவில் ஆண்டொன்றுக்கு உண்டாகும் பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 41 லட்சம் டன் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. மாநில வாரியங்கள் அனுப்பும் விவரங்களின் தொகுப்பு அது. 2024-இல் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கு முற்றிலும் வேறுபட்டது. எவராலும் சேகரிக்கப்படாமல் வெளியே சிதறியோ திறந்த வெளியில் எரிந்தோ போகும் பிளாஸ்டிக் மட்டுமே இந்தியாவில் ஆண்டுக்கு 93 லட்சம் டன் என்றும், உலகில் இவ்வாறு வெளியேறும் சுமார் 5.2 கோடி டன்னில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

இரண்டில் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. பின்னது கணக்கீட்டு முறையால் பெற்ற மதிப்பீடு. அதில் பிழை இருக்கக்கூடும். ஆனால் முன்னது எவ்வாறு உருவாகிறது என்பதும் அறிந்ததே. நகராட்சியின் எடைமேடைக்கு வந்து சேரும் குப்பையே கணக்கில் ஏறுகிறது. கிராமத்துக் குட்டையோரத்தில் கொட்டியதும், வாய்க்காலில் வீசியதும், மார்கழிக் குளிரில் தெருமுனையில் எரித்ததும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. நுண் பிளாஸ்டிக்காக மாறுவது பெரும்பாலும் கணக்கில் வராத அப்பகுதியே. அளவிடப்படாத பொருளுக்கு நிதி ஒதுக்கீடு வருவதில்லை என்பதைத் திட்டப் பணிகளில் ஈடுபட்டோர் அனைவரும் அறிவர்.

கங்கையைப் பற்றிய ஆய்வு ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகள் ஒன்றுசேர்ந்து நாள்தோறும் 100 கோடி முதல் 300 கோடி வரை நுண் துகள்களை வங்கக் கடலில் சேர்க்கக்கூடும் என 2021-இல் வெளியான அவ்வாய்வு மதிப்பிட்டது. ஆற்றுநீரில் அகப்பட்டவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு பையின் துண்டோ புட்டியின் துண்டோ அன்று, துணியின் இழை. செயற்கை இழையால் ஆன ஆடையைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குப் புலனாகாத நூல்கள் நீரோடு செல்கின்றன. அக்ரிலிக் துணி ஆறு கிலோவை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என 2016-இல் ஒரு பரிசோதனை காட்டியது. உலகில் இன்று உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். ஒரு தலைமுறைக்கு முன் கைத்தறி வேட்டியும் நூல் சேலையும் உடுத்திய குடும்பங்களில் இன்று விலை மலிவும் சலவை எளிமையும் கருதிச் செயற்கைத் துணியே பெரிதும் வாங்கப்படுகிறது. ஏழை மக்கள் மலிவான துணியை விரும்புவதைக் குறை கூறுதல் தகாது. பருத்திக்கும் கைத்தறிக்கும் அளிக்கப்படும் ஆதரவு நெசவாளர் நலன் மட்டுமன்றி நீர் நலனும் ஆகும் என்பதை மட்டும் இங்குச் சுட்டலாம்.

துணியின் இழையும், சாலையில் தேயும் டயரின் பொடியும், இறுதியில் சாக்கடைக்கே வருகின்றன. டயர் பொடி தீங்கற்றதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்தவுடன் ஓடைகளில் சால்மன் மீன்கள் கூட்டமாக மடிந்ததற்கு, டயர் விரைவில் கெடாதிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருளிலிருந்து உண்டாகும் நஞ்சே காரணம் என்று 2020-ஆம் ஆண்டு இறுதியில் கண்டறியப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நன்கு இயங்கினால் நுண் துகள்களில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் 2020-21 கணக்கின்படி நம் நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் 7,236 கோடி லிட்டர் கழிவுநீரில், உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டரே; அதாவது 28 சதவிகிதம். எஞ்சியது ஆற்றுக்கும் ஏரிக்கும் கடலுக்கும் நேரே செல்கிறது. சுத்திகரிப்பு நிலையம் பிடித்த துகளும் மறைந்துபோவதில்லை. அது அடியில் தங்கும் சேற்றில் இருக்கிறது. அச்சேறு உரமென்று வயலுக்குச் செல்லுமாயின், ஆற்றைக் காத்து நிலத்தைக் கெடுத்ததாகவே முடியும்.

வயலுக்கு வேறொரு வழியிலும் பிளாஸ்டிக் வருகிறது. களையைத் தடுக்கவும் ஈரத்தைக் காக்கவும் பாத்திகளின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பும் முறைக்கு அரசு மானியம் வழங்குகிறது. தக்காளி, மிளகாய், தர்ப்பூசணி பயிரிடுவோருக்கு இதனால் நீரும் கூலியும் மிச்சமாகின்றன என்பது உண்மை. அறுவடை முடிந்தபின் கிழிந்த விரிப்பை முழுமையாக எடுப்பது யார், எடுத்ததை எங்கே கொடுப்பது என்பது மானிய விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி. பெரும்பாலும் அது உழவில் மண்ணோடு கலக்கிறது. தடித்த விரிப்புக்கு மட்டும் மானியம் என்றும், பழைய விரிப்பைத் திருப்பிக் கொடுத்தால் புதியதற்குச் சலுகை என்றும் விதித்தால், அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கரும்புச் சோகையும் வைக்கோலும் கிடைக்கும் இடத்தில் பிளாஸ்டிக்குக்கே தேவையில்லை.

உணவிலும் உடலிலும்

2018-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் கடைகளில் விற்கும் உப்பைச் சோதித்து, அதில் 626 நுண் பிளாஸ்டிக் துகள்களைக் கண்டனர். நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்பு உண்ணும் ஒருவர், ஓராண்டில் உப்பின் வாயிலாக உட்கொள்ளும் பிளாஸ்டிக் 117 மைக்ரோகிராம் என்பது அவர்கள் கணக்கு. கடல்நீரைச் சாதாரண மணல் வடிகட்டியில் செலுத்தினாலே எடையளவில் 85 சதவிகிதத்துக்கு மேல் நீங்கிவிடுகிறது என்பதையும் அவர்கள் செய்து காட்டினர். செய்தித்தாள்கள் முதற்பகுதியைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. இரண்டாம் பகுதி போதிய கவனம் பெறவில்லை. குஜராத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்துக்கு நீர் இறைக்கும் இடத்தில் மணல் வடிகட்டி அமைப்பது, நம் கிராமக் குடிநீர்த் திட்டங்களில் பல்லாண்டுகளாகப் பழகிய கலையே. சிறு உப்பள உரிமையாளருக்கு அச்செலவு சுமையாகலாம். கூட்டுறவு முறையில் கடனுதவி அளித்தால் தாங்கக்கூடியதே.

மக்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு கடன் அட்டையின் எடையளவு, அதாவது ஐந்து கிராம் பிளாஸ்டிக் உண்கின்றனர் என 2019-இல் ஒரு கூற்று உலகெங்கும் பரவியது. அது மிகைக் கணக்கு எனப் பின்னர் பல விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். மேற்கூறிய உப்புக் கணக்கை வைத்துப் பார்த்தால், உப்பின் வாயிலாக ஐந்து கிராம் சேர நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! நீரும் காற்றும் மற்ற உணவும் இதனினும் மிகுதியாகச் சேர்க்கக்கூடும். எனினும் மிகையான அச்சம் நல்ல கொள்கைக்கு உதவாது. மீனவர் கொண்டுவந்த மீனை வாங்காமல் திருப்பியதும் இத்தகைய அச்சத்தின் விளைவே. பெரிய மீன்களின் குடலையும் செவுளையும் நீக்கியே சமைக்கிறோம். துகள்கள் பெரும்பாலும் தங்குவது அங்கேதான். முழுதாக உண்ணும் நெத்திலி, சிப்பி, மட்டி ஆகியவற்றின் நிலை வேறு. அவை தனியே ஆராயத்தக்கவை.

உடலினுள் துகள் உண்டா என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 2021-இல் இத்தாலியில் ஆறு தாய்மாரின் நச்சுக்கொடியைச் சோதித்ததில் நால்வருடையதில் துகள் காணப்பட்டது. 2022-இல் நெதர்லாந்தில் இரத்தம் அளித்த 22 பேரில் 17 பேரின் இரத்தத்தில் இருந்தது. அது உடலில் என்ன செய்கிறது என்பதே இப்போதைய கேள்வி. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை மூலம் அகற்றிக்கொண்ட 257 நோயாளிகளை இத்தாலிய மருத்துவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டனர். 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, இல்லாதவர்களைப்போல் நான்கரை மடங்கு. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை மெய்ப்பிக்கவில்லை என அம்மருத்துவர்களே கூறினர். 2025-இல் மனித மூளையிலும் துகள் கண்டதாக வெளிவந்த ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. திசுவிலுள்ள கொழுப்பே சோதனைக் கருவியில் பாலிஎத்திலீன் போலத் தோன்றக்கூடும் என்னும் மறுப்பும் எழுந்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலும் 2022-இலும் வெளியிட்ட அறிக்கைகளில், திட்டவட்டமாகத் தீர்ப்பளிக்கச் சான்று போதவில்லை என்றே கூறிற்று.

சான்று போதவில்லை என்பதும் தீங்கில்லை என்பதும் ஒன்றல்ல. ஈயம் கலந்த பெட்ரோலும் கல்நார்க் கூரையும் வழக்கில் இருந்த காலத்தில், சான்று முழுமையாகட்டும் எனக் காத்திருந்ததன் விலையை இரு தலைமுறைகள் கொடுத்தன. நுண் பிளாஸ்டிக்கில் காத்திருப்பது மேலும் தீயது. பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியவுடன் காற்றில் ஈயம் குறையத் தொடங்கிற்று. பிளாஸ்டிக் உற்பத்தியை இன்று முற்றும் நிறுத்தினாலும், ஏற்கெனவே கிடப்பது பல்லாண்டு பொடியாகிக்கொண்டே இருக்கும். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மார்ச்சில் உணவிலுள்ள நுண் பிளாஸ்டிக்கை அளவிடும் முறைகளை வகுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. லக்னோவின் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனமும், கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும், பிலானியின் பிர்லா நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. எல்லாச் சோதனைக்கூடங்களும் ஒரே முறையில் அளந்தாலன்றி ஒன்றின் முடிவை மற்றொன்றுடன் ஒப்பிட இயலாது. ஆகவே இது முதற்கண் செய்ய வேண்டிய பணியே.

எங்கே தடுப்பது

பொடியான பிளாஸ்டிக்கைத் திரட்டும் வழி உலகில் எந்த நாட்டிடமும் இல்லை. முழுதாக இருக்கும்போது மட்டுமே அது பிடிபடும். இந்திய விதிகள் இவ்வுண்மையைப் பகுதியளவில் உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளன. கைப்பையின் தடிப்பு 1999-இல் 20 மைக்ரான் என வகுக்கப்பட்டது. 2011-இல் 40 ஆகவும், 2016-இல் 50 ஆகவும், 2021 செப்டம்பரில் 75 ஆகவும், 2022 டிசம்பர் இறுதியில் 120 ஆகவும் உயர்ந்தது. தடிப்பை உயர்த்துவதன் நோக்கம் பலர் எண்ணுவதுபோல் பையின் உறுதி மட்டுமன்று. மெல்லிய பையை ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். பழைய பொருள் கடையில் அதற்குக் கிடைக்கும் காசு பொறுக்கிய நேரத்துக்கு ஈடாகாது. தடித்த பைக்கு விலை உண்டு; எனவே அது தெருவில் கிடப்பதில்லை. நாட்டின் மறுசுழற்சித் தொழில் இன்று நிற்பது, சாக்குப் பையுடன் விடியற்காலையில் தெருவில் நடக்கும் பெண்களின் உழைப்பின்மீதே. அவர்கள் எடுக்காமல் விட்டுச் செல்வது எதுவோ அதுவே நாளைய நுண் பிளாஸ்டிக்.

அவர்கள் விட்டுச் செல்வதில் முதலிடம் பெறுவது சிறு பொட்டலம். ஷாம்பு, மசாலா, நொறுக்குத் தீனி ஆகியவற்றின் உறைகள் பல்லடுக்கால் ஆனவை; பிரிக்க இயலாதவை; பழைய பொருள் கடையில் விலையற்றவை. 2022 ஜூலை 1 முதல் உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் குச்சி, கரண்டி முதலிய ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. பொட்டலம் அப்பட்டியலில் இல்லை. உற்பத்தியாளரே தம் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்னும் முறை 2022 பிப்ரவரியில் விரிவாக வகுக்கப்பட்டது. அப்பொறுப்பு சான்றிதழ் வாங்குவதோடு முடிகிறதா, அல்லது ஒரு பொட்டலத்துக்கு இத்தனை காசு எனப் பொறுக்கும் பெண்ணின் கைக்குச் சென்று சேர்கிறதா என்பதே இதன் உரைகல். பின்னது நிகழாதவரை பொட்டலம் தெருவிலேயே கிடக்கும்.

உலக அளவில் பிளாஸ்டிக் மாசுக்கு எதிரான உடன்படிக்கை ஒன்றை இயற்ற 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவாயிற்று. பூசானில் 2024 இறுதியிலும் ஜெனீவாவில் 2025 ஆகஸ்டிலும் நடந்த கூட்டங்கள் உடன்பாடின்றிக் கலைந்தன. உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்போரும், கழிவைக் கையாள்வதே போதும் என்போரும் இணங்கவில்லை. வளரும் நாடுகளின் தொழில் வளர்ச்சியைக் காரணம் காட்டி இந்தியா உற்பத்தி வரம்பை எதிர்த்தது. அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. தனிநபர் நுகர்வில் நாம் மேலை நாடுகளைவிடப் பெரிதும் பின்தங்கியே உள்ளோம். ஆயினும் குருணையை உறுதியாகக் கட்டுவதற்கும், ஆலையின் வடிகாலில் வலை பொருத்துவதற்கும், நுண் பிளாஸ்டிக்கின் இலக்கணத்தை ஐந்து மில்லிமீட்டராக விரிவாக்குவதற்கும் எந்த உலக உடன்படிக்கையும் தேவையில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஆலைகளுக்கு வழங்கும் இசைவாணையில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலே வடிகால் வலை வந்துவிடும்.

விபத்து நேர்ந்தபின் இழப்பீடு பெறுவது எத்துணை கடினம் என்பதற்கும் இவ்விரு கப்பல்களே சான்று. ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ விபத்துக்கு நூறு கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். விபத்து நிகழ்ந்து நான்காண்டுகள் கடந்தபின். அதே ஜூலையில் கேரள அரசு, ‘எல்சா 3’ தொடர்பாக ரூ.9,531 கோடி கோரி உயர் நீதிமன்றத்தை நாடியது. இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பினர் எழுப்பும் முதற்கேள்வி ஒன்றுதான்: இக்கரையில் விபத்துக்கு முன்பே குருணை இருந்ததில்லையா, இருந்ததெனில் எவ்வளவு? சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கடற்கரைக் குப்பையை ஆராய்ந்து வருகிறது. அப்பணியை விரிவாக்கி, கடலோர மாநிலம் ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட கரைகளில் ஒரு சதுர மீட்டர் மணலில் எத்தனை குருணை உள்ளது என ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பதிவு செய்து வைத்தல் வேண்டும். அதற்கு வேண்டுவது சல்லடையும், ஒரு பதிவேடும், அக்கரைப் பள்ளிகளில் விஞ்ஞானம் பயிலும் மாணவர்களும், அவர்கள் எண்ணியதை அதிகாரபூர்வமாக ஏற்று முத்திரையிடும் ஓர் அலுவலருமே.